கல் சுண்ணாம்பும் நம் மாடிப்படியும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் லெட்ஜரும் டோக்கனுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். படித்தது பி.காம். இவருக்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. போன மாதம் வரை ஒரு சம்பந்தமும் இல்லைதான்.

மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க இரண்டு மூட்டை கல் சுண்ணாம்பு வாங்கி, பி பிளாக் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தோம். பக்கத்திலேயே பழைய பேப்பர் கட்டுகள். அன்றைக்கு ராத்திரி கோடை மழை. சாரல் உள்ளே வந்து மூட்டைக்கு அடியில் தேங்கிவிட்டது. காலையில் பார்த்தால் ஒரு மூட்டை பிளந்து ஆவி பறக்கிறது. பேப்பர் கட்டின் ஓரம் கருக ஆரம்பித்திருந்தது. "ஒரு பக்கெட் தண்ணீ ஊத்துங்க!" என்று வாட்ச்மேனிடம் கத்தியவன் நான்தான். நல்லவேளையாக, பெயின்ட் அடிக்க வந்திருந்தவர் ஓடிவந்து, "ஐயையோ, ஊத்தாதீங்க சார்!" என்று தடுத்தார். பேப்பரை இழுத்து அப்புறப்படுத்தி, காய்ந்த மணலைக் கொட்டினார்.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கல் சுண்ணாம்பின் ரசாயனப் பெயர் கால்சியம் ஆக்சைடு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் கிடைப்பது. கணக்கு எனக்குப் பிடித்த மாதிரி டாலி ஆகிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோ போட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். 56 கிலோ கல் சுண்ணாம்பு மிஞ்சும். அந்த 56 கிலோ, 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. நாம் சுவரில் பூசுவது இதைத்தான். அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. வாங்கிய கடன் முழுசாகத் திரும்பி வந்துவிடுகிறது!

ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. காளவாயில் வாங்கிய சூட்டில் ஒரு பங்கை, தண்ணீர் பட்டதும் கல் சுண்ணாம்பு திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிலோ நீறும்போது வரும் வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். மூட்டையில் அடைபட்டிருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. பக்கத்தில் காகிதமோ மரத்தூளோ இருந்தால் தீப்பிடிக்கும். நீறும்போது பருமனும் கூடுவதால் மூட்டையும் கிழிகிறது.

இதை வைத்துச் சுண்ணாம்பைக் கெட்ட பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பு உருக்கும்போது மணல் சத்தையும் பாஸ்பரஸையும் கசடாகப் பிரித்து எடுப்பது இதுதான். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைத் தெளிய வைப்பது சுண்ணாம்புப் பால். தோல் பதனிடும் இடத்தில் ரோமத்தை நீக்குவதற்கும், குடிநீர் சுத்திகரிப்புக்கும் இது வேண்டும். சிமென்ட்டிலேயே பெரும்பங்கு சுண்ணாம்புதான். 2,500 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், மின்விளக்கு வருவதற்கு முன் நாடக மேடைகளில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி வெளிச்சம் உண்டாக்கினார்கள். 'லைம்லைட்' என்று சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. நீற்றிய பிறகு சூடு போய்விடும், காரம் போகாது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி விளையாட, அது பிதுங்கிக் கண்ணில் தெறித்துப் பார்வையே போன சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு. அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். வெற்றிலைப் பெட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். இமையைத் திறந்து பிடித்து, துகள் தெரிந்தால் அதையும் சேர்த்து அலசி, குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பிறகு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடவே கூடாது. தோலில் பட்டால் முதலில் காய்ந்த தூளைத் தட்டிவிட்டு, அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, இனிமேல் கல் சுண்ணாம்பு வேண்டாம். நீற்றிய சுண்ணாம்புத் தூளாகவே வாங்குவோம். கலப்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் சங்கச் செலவில் கொடுப்போம்.

இரண்டு, கல் சுண்ணாம்புதான் கிடைத்தது என்றால், பலகை மேல், மழை படாத இடத்தில், காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைப்போம். விவரம் தெரிந்தவர்தான் நீற்ற வேண்டும். அதுவும் இரும்பு டிரம்மில் நிறையத் தண்ணீர் வைத்து, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் வாளியும் கூடாது.

மூன்று, மாடிப்படிக்கு அடியில் எந்தச் சாமானும் வேண்டாம். அங்கே தீப்பிடித்தால் நாம் இறங்கி ஓட வேறு வழி கிடையாது. அந்தப் பேப்பர் கட்டுகளில் பாதி என் வீட்டுடையவை. மறுநாளே எடைக்குப் போட்டுவிட்டேன். மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்!