இகுவானாவுக்கு ஒரு வீடு

சில ஆண்டுகளுக்கு முன் என் இல்லத்துக்கு ஒரு புதிய விருந்தாளி வந்து சேர்ந்தது. பச்சை நிறம், வாலையும் சேர்த்து ஒரு சாண் நீளம். அண்டை வீட்டார் ஓணான் என்றனர்; உடும்புக் குட்டியோ என்று ஐயுற்றவரும் உண்டு. இரண்டும் அன்று. மெக்சிகோ தொடங்கிப் பிரேசில் வரை ஆற்றோர மரங்களில் வாழும் இகுவானா அது.

மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் மணல் பரப்பி, அதனை மூடிய ஜன்னலின் ஓரத்தில் வைத்தேன். காலை வெயில் அதன்மீது பொழியக் கண்டு மனநிறைவும் கொண்டேன். நேயர்களே, அந்த மனநிறைவுதான் பெரும் பிழையாயிற்று. சில மாதங்களில் அதன் கீழ்த்தாடை வீங்கி மென்மையாயிற்று, பின்னங்கால்கள் நடுங்கின. கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "வெயிலுக்கும் இதற்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்பதே. கண்ணாடி என்றேன்.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' என்னும் வகை தோலிற் படும்போதே இப்பிராணியின் உடலில் வைட்டமின் டி உண்டாகிறது. அது இன்றேல், உண்ட சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது. எலும்பில் இருப்பதும் கரையத் தொடங்கும். ஜன்னல் கண்ணாடியோ வெளிச்சத்தை விட்டு, இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. வெயில் மலிந்த நம் நாட்டில், அந்தச் சிற்றுயிரை நான் வெயிலின்றி வளர்த்திருக்கிறேன்!

பின்னர் தச்சரை அழைத்து, ஆறடி உயரமும் ஆறடி நீளமும் மூன்றடி அகலமுமாகக் கம்பிவலைக் கூண்டு ஒன்று செய்வித்தேன். "இந்தப் பல்லிக்கா?" என்று அவர் நகைத்தார். வளர்ந்தால் ஐந்தடி, ஆறடியை எட்டும் பிராணி இது; அதிற் பாதிக்குமேல் வால். மரவாசியாதலால் உயரம் இன்றியமையாதது. தடித்த கிளைகளைச் சாய்வாகக் கட்டினேன். உச்சிக் கிளைக்கு மேலே, உடல் தீண்டாதபடி வலையிட்ட வெப்ப விளக்கு. அங்கே 35 டிகிரி செல்சியஸ், கீழே 26. தனக்கு வேண்டிய சூட்டை அது தானே தேடிக்கொள்ளும். சூடேறும் செயற்கைக் கல் ஒன்றும் விற்கிறார்கள். வயிறு வெந்துபோகும், வேண்டாம். காற்று வறளாதிருக்க நீர் தெளிப்பதும், செம்பருத்தி இலை, பூ, கீரை கொடுப்பதும் நாள்தோறும் உள்ள வேலை.

அடைமழைக் காலத்துக்கெனப் புற ஊதா விளக்கும் உண்டு. அது எரிந்துகொண்டேயிருக்கும், கதிர்மட்டும் குன்றிவிடும். ஆகவே ஆண்டுக்கொரு முறையேனும் மாற்றுகிறேன். இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். அதன் உச்சந்தலையில் ஒளியையும் நிழலையும் உணரும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. நெற்றிக்கண் என்றே வீட்டுக் குழந்தைகள் சொல்கிறார்கள்.

வளர்க்க விரும்புவோர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். 2022 இல் திருத்தப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதனைப் பதிவு செய்தல் கடமை.

தாடை கெட்டிப்பட்டுவிட்டது. வளைந்த இடது பின்னங்கால்மட்டும் நேராகவில்லை. அதற்காக அந்தப் பக்கத்துக் கிளைகளைச் சற்றுத் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன்.