கோப்பின் வயதும் கோப்பின் பெயரும்



ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுப்பதும் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும் நம் முன்னோர் வழக்கம். படியெடாமலே ஆற்றோடு போன ஏடுகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் வருந்தி எழுதியுள்ளார். இன்று இவ்விரு வேலைகளையும் சர்வர் எனப்படும் சேவையகம் நள்ளிரவில் தானே செய்கிறது. ஒரு கட்டளை படியெடுக்கும். மற்றொன்று, 30 நாளைக் கடந்தவற்றை அழிக்கும். ஒன்று செய்வதை மற்றொன்று அறியாது.

1995இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றித் தமிழுக்கு அங்கே வழி திறந்தார். 2015இல் தேசிய நூலக வாரியமும் தன்னார்வலர்களும் இணைந்து, 1965 முதலான நம் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினர். அவற்றுக்குக் காவல் உண்டு. சங்க மலர்கள் பலவற்றுக்கு அஃது இல்லை. செயற்குழு மாறுந்தோறும் கைமாறும் ஏதோ ஒரு சேவையகத்தில் அவை கிடக்கின்றன.

முதலில் வயது. ‘ஆர்சிங்க்’ போன்ற படியெடுக்கும் நிரலை, மூலக்கோப்பின் தேதி மாறாதவாறு இயக்குவது வழக்கம், நல்ல வழக்கமே. ஆயினும் இன்று மாலை வந்து சேரும் 1997ஆம் ஆண்டு மலர், 1997ஆம் ஆண்டுத் தேதியுடனேயே வந்து சேரும். அழிக்கும் கட்டளை அந்தத் தேதியைப் பார்த்து அன்றிரவே அதை நீக்கிவிடும். கோப்பு பிறந்த நாள் வேறு, நம்மிடம் வந்த நாள் வேறு என்பதைக் கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பெயர். இதில்தான் மொழியியலாருக்கு வேலை. ‘கோ’ என்பதை யூனிகோடு இருவகையில் எழுத இடந்தருகிறது: ககரத்துடன் ஓகாரக்குறி ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வேறுவேறு. கொகரமும் கௌகாரமும் அவ்வாறே. பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தவாறே வைக்கும். எனவே, 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் பெயரில் அமைந்த கோப்பு, சேவையகத்தில் இரண்டாகத் தோன்றலாம். ஒன்றில் திருத்தம் ஏறியிருக்கும், மற்றொன்றில் ஏறியிராது. சுவடிப் பதிப்பாசிரியர் இதைப் பாடபேதம் என்று குறித்து இரண்டையும் காப்பார். இடம் போதவில்லை என்று துப்புரவு செய்பவரோ ஒன்றை அழிப்பார். அழிந்தது திருத்திய படியாகவும் இருக்கலாம். (‘கோப்பு’ என்னும் சொல்லே கோகாரத்தில் தொடங்குவதை என்னென்பது!)

ஆகவே, படியெடுக்குமுன் பெயர்களையெல்லாம் சேர்ந்த குறி வடிவுக்கு மாற்றிவிடுக. வயதை வந்த நாளிலிருந்து கணக்கிடுக. படியும் மூலமும் ஒத்துள்ளன என்று சோதித்தறிந்த பின்னரே மூலத்தில் கைவைக்க வேண்டும். அழிக்கும் கட்டளை முதல் மாதம் எதையும் அழியாது, அழிக்கக் கருதுவனவற்றைப் பட்டியலிட மட்டும் செய்யட்டும். நம் சேவையகங்களைப் பராமரிப்போருள் தமிழறியாதாரும் உளர்; அப்பட்டியலைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்து ஒப்பமிடுமாறு உங்கள் சங்கக் குழு அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.