ஊராட்சியில் முதல் வேலை எது?

(பிரதேச சபை உறுப்பினர்களும் ஊர்மக்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2023 மார்ச்சில் நம் சபைகளின் பதவிக்காலம் முடிவுற்றது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிந்தெடுத்த எவருமின்றி அலுவலர்களே சபைகளை நடத்தினார்கள். 2025 மே 6 ஆம் நாள் நடந்த தேர்தலில் அந்த உரிமை மக்களிடம் மீண்டது. மீண்ட உரிமையை எவ்வாறு பயன்படுத்தப் போகின்றோம் என்பதே இன்றைய கேள்வி.

ஊராட்சி நமக்குப் புதியதன்று. 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட கிராமச் சங்கங்கள் 1981 வரை நம்மிடையே இயங்கின. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. முன்னர் பல கிராமச் சங்கங்கள் ஆண்ட நிலப்பரப்பை இன்று ஒரே சபை ஆளுகின்றது. அன்று உறுப்பினர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். இன்று சபைக்கும் ஊருக்கும் இடையே தூரம் வளர்ந்துவிட்டது. அதைக் குறைப்பது உறுப்பினரின் கடமை.

பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுவழிகள் ஆகிய மூன்றையும் சட்டம் சபையின் பொறுப்பில் வைத்திருக்கின்றது. பொறுப்போ பெரிது, பணமோ சிறிது. ஆகவே, எதை முதலிற் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்ற வரிசையை வகுப்பதே உறுப்பினரின் தலையாய வேலை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறையுள் ஊறித் தங்குவதே நம் கிணற்று நீர். அங்கே ஓர் ஒழுங்கையை உயர்த்தித் தார் இடுகின்றோம். மதகு வைக்க மறக்கின்றோம். குளத்துக்குச் செல்லவேண்டிய வெள்ளம் வயலில் தேங்கி நிற்கின்றது. காலபோக நெல் அழுகுகின்றது. குளமோ நிரம்பாது கிடக்கின்றது. தெரு அழகாயிருக்கின்றது; கமக்காரன் கடனாளியாகின்றான். இது யார் குற்றம்? தெருவைக் கேட்டவர் குற்றமன்று. வெள்ளம் எவ்வழி ஓடும் என்பதை அறிந்த கமக்காரனை எவரும் கேளாததே குற்றம்.

தெரு சபைக்குரியது, குளம் கமநலத் திணைக்களத்துக்குரியது என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளம் திணைக்கள எல்லையை அறியாது. இரு பகுதியாரையும் ஒரே வரம்பில் நிறுத்திப் பேசவைப்பவரே நல்ல உறுப்பினர்.

ஆதலால் உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கின்றேன். வரவு செலவுத் திட்டம் எழுதப்படுமுன் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரிலும் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ மக்களைக் கூட்டுங்கள். பெண்கள் வரக்கூடிய வேளையிற் கூட்டுங்கள். கோயில் வீதியில் குரல் உயராத குடியிருப்புகளுக்கு நீங்களே நேரிற் செல்லுங்கள். கேட்டவற்றை வரிசைப்படுத்தி எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசியுங்கள். செய்ய இயலாததை இயலாது என்றே சொல்லுங்கள்.

படித்தோரிடமும் ஒன்று கேட்கின்றேன். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரும் இடம்பெறச் சட்டம் வழிவிட்டிருக்கின்றது. பொறியியலாளர் மதகின் மட்டத்தைப் பார்க்கட்டும். மருத்துவர் கிணற்று நீரைக் கவனிக்கட்டும். கணக்காளர் செலவை ஆராயட்டும். கணக்கு மறைக்கப்பட்டால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது.

அதிகாரப் பகிர்வை நாம் கொழும்பிடம் கேட்கின்றோம், கேட்கவும் வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு வலுவூட்ட, கையில் உள்ள சிறிய அதிகாரத்தை நம்மூர் ஏழையோடு நாம் பகிர்ந்து காட்டவேண்டும். அடுத்த மாரிக்குமுன் அந்த மதகிலிருந்தே தொடங்குவோம்.