வேடரும் வேட்டை நாயும்

இலங்கை வேடர் என்றதும் வில்லும் கோடரியுமே பலர் நினைவிற்கு வரும். நாயை நினைப்பவர் மிகச் சிலரே. ஆயினும் பிந்தனைக் காட்டில் வாழ்ந்த வேடக் குடும்பத்தின் உலையிற் கறி கொதித்ததில் நாய்க்கும் பெரும் பங்குண்டு. மான், மரை ஆகியவற்றை அம்பெய்து வீழ்த்துவது எல்லா நாளும் கைகூடுவதன்று. அத்தகைய நாட்களிற் பிள்ளைகளின் பசி தீர்த்தது உடும்பு.

உடும்பு வேட்டையில் நாயின் மூக்கே வழிகாட்டி. மோப்பம் பிடித்துத் துரத்தும் நாய்க்கு அஞ்சி, உடும்பு கறையான் புற்றினுள்ளோ மரப் பொந்தினுள்ளோ புகுந்துவிடும். நாய் வாயிலில் நின்று குரைக்கும். வேடன் வந்து புற்றை இடித்தோ, பொந்தைக் கோடரியால் வெட்டி அகலமாக்கியோ அதனை வெளியே இழுப்பான். உள்ளே உடலை ஊதிப் பருக்கச் செய்து, நகங்களைப் பதித்துக்கொண்ட உடும்பை இழுப்பது எளிதன்று. உடும்புப்பிடி என்று நாம் வீட்டிலிருந்து பேசும் சொல்லின் பொருளை அவனே முற்றாக அறிவான். நீரோரம் வாழும் கபரகொய்யாவை மட்டும் உண்ணார்.

கிடைத்த இறைச்சி சுற்றத்தாருக்குப் பகிரப்பட்டது. எஞ்சியதை வாட்டி உலர்த்தினர். இறைச்சியைத் தேனில் இட்டு, மரப்பொந்தில் வைத்து, களிமண்ணால் வாயடைத்துச் சேமித்ததை 1681-ம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் றொபேட் நொக்ஸ் குறித்துள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவிலும் நாய்வேட்டை நடந்தது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நாய்க்கூட்டத்துடன் மரைகளைத் துரத்தினார். அது பொழுதுபோக்கு, வேடனுடையதோ அடுப்பின் தேவை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்துமா என்பதை நேயர்களே சிந்திக்கலாம்.

1937-ம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் விலங்குகளைக் காக்க எழுந்தது. துப்பாக்கியும் வியாபாரமும் காட்டை வெறுமையாக்கிய பின்னர் அத்தகைய காவல் வேண்டியதே. ஆனால், 1983-ம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபொழுது, வேடரின் பரம்பரை வேட்டைநிலம் அதன் எல்லைக்குள் அகப்பட்டது. தந்தையர் நாயுடன் சென்ற தடத்தில் மைந்தர் செல்வது குற்றமாயிற்று. குடும்பங்கள் பல நெல் வயல்களுடன் கூடிய ஹெனானிகலைக் குடியேற்றத்திற்குப் பெயர்ந்தன. முதுபெருந் தலைவர் திசாகாமியும் அவரைச் சார்ந்த சிலரும் பெயர மறுத்துத் தம்பானையிலேயே தங்கினர். 1998-ம் ஆண்டில் இறக்கும்வரை அவர் அவ்வூரை விட்டு அகலவில்லை.