பீரோவில் தூங்கிய கேமரா

(பழைய மாணவர் சந்திப்பு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் நண்பர் போன வாரம் போன் பண்ணினார். "டேய், நீ இப்ப போட்டோல்லாம் எடுக்கறியாமே. ஹாபியைப் பத்தி ஒரு பதினைந்து நிமிஷம் பேசு. டெக்னிக்கலா வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னாடி இருக்கு" என்றார். டெக்னிக்கலாக இல்லாமல் பேசுவதற்கு நம் காலேஜில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகையால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2006-லிருந்து 2010 வரை என்னோடு படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். "இவன் எப்ப கேமராவைத் தொட்டான்? டூர் போனா பேக்கைக் காவல் காத்துக்கிட்டு நிற்பானே" என்று. உண்மைதான். மூன்றாம் வருஷம் ஊட்டி போனோமே, நினைவிருக்கிறதா? இந்து நகர் வழியாகப் பஸ் போனபோது சார் எழுந்து நின்று, "இதுதான் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-ல் ஆரம்பித்த அரசாங்கக் கம்பெனி, பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்பம்" என்று விளக்கினார். எக்ஸ்ரே பிலிமும் 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமும் செய்த இடம். அப்போதே அது நொடித்துப்போய்க் கிடந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள், நான் போகவில்லை. காரணத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

என் ஊர் நெரவி. அரசலாற்றுக்குத் தெற்கே, காரைக்காலுக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் நடுவில். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தராவது பிரான்சில் இருப்பார். எங்கள் வீட்டுக்கு என் தாய்மாமா. அவர் ஒரு தடவை லீவில் வந்தபோது விட்டுவிட்டுப் போனதுதான் யாஷிகா எம்.எஃப்-2. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த கேமராதான். போகஸ் திருப்ப வேண்டாம். இரண்டு பென்சில் பாட்டரி, பக்கத்தில் ஒரு பிளாஷ், அவ்வளவுதான். ரோலுக்கு முப்பத்தாறு படம். ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போடுவதென்றால் அப்பா இரண்டு மாசத்துக்கு ஒரு முறைதான் காசு கொடுப்பார்.

பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போது நான் பெரிய கலைஞன் என்று எனக்கு நினைப்பு. விடியற்காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டினச்சேரி கடற்கரைக்குப் போய்விடுவேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த ஊர். படகில் ஏறி நிற்கச் சொல்வேன், வலையைத் தோளில் போட்டு நடக்கச் சொல்வேன். பின்னால் சூரியன், முன்னால் கன்னங்கரேலென்று உருவம். பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதில் ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. அவன் சொல்வான், "என்னடா, மூஞ்சியே தெரியலையே." நான் சொல்வேன், "அதாண்டா ஆர்ட்டு."

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததை இந்த ஹாலில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் கடலோரம்தான். என் தோழன் திரும்பி வரவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி கூட. வீடு, பெட்டி, ரேஷன் கார்டு எல்லாமே போய்விட்டது. "தம்பி, நீ எம்புள்ளைய போட்டோ புடிச்சியாமே, அவன் சொல்லுவான். அதுல ஒண்ணு குடு தம்பி" என்றார்கள். நான் உள்ளே ஓடிப்போய் நான்கு படம் எடுத்துவந்து கொடுத்தேன். நல்ல நல்ல படங்கள். அவர்கள் ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்தக் கறுப்பு உருவத்தின் மேல் விரலை வைத்துத் தடவிவிட்டு, "மொகம் எங்க தம்பி?" என்று கேட்டார்கள்.

"சூரியன் பின்னாடி இருந்துச்சும்மா" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அந்தப் பிளாஷை ஒரு தடவை திறந்திருந்தால் போதும், ஐந்தாறு அடி தூரத்தில் நின்றவனுடைய முகம் விழுந்திருக்கும். நான் திறக்கவில்லை. பாட்டரி தீர்ந்துவிடும் என்று ஒன்று, ஆர்ட் கெட்டுப்போகும் என்று ஒன்று.

கடைசியில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காகக் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் பள்ளிக்கூடத்தில் ஒன்று கிடைத்தது. காரைக்காலில் ஒரு ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிசு பண்ணிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் ராத்திரி ராத்திரியாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒரு தலை, வாக்காளர் அட்டையிலிருந்து ஒரு தலை. நான் எடுத்த படத்தையும் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா யாருன்னு தெரியலையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கேமராவை உறையில் போட்டு அம்மாவின் பீரோவில் வைத்தேன்.

பதினைந்து வருஷம் போயிற்று. படிப்பு, சென்னையில் பம்ப் கம்பெனி வேலை, கல்யாணம், குழந்தை. 2020 ஊரடங்கில் எல்லோரையும் போல நானும் ஊருக்கு வந்து வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். என் மகள் பீரோவைக் குடைந்து அதை வெளியே இழுத்துப்போட்டாள். லென்சைப் பார்த்தால் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. நம் கடலோர ஈரக்காற்றில் தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்தால் அதுதான் நடக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டு பூஞ்சைக்குப் பிடிக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உறையிலிருந்து எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அடிக்கடி வெளியே எடுத்துப் புழங்குங்கள்.

உறைக்குள் நெகட்டிவும் இருந்தது. நான்கு நான்காக வெட்டிய பட்டைகள். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெறும் ஆரஞ்சு பிலிம். அவன் உருவம் இருந்த இடமெல்லாம் வெறும் ஆரஞ்சு. ஆனால் ஒரு படத்தில் மட்டும், வெறும் என்று சொல்ல முடியாதபடி மெல்லியதாக ஏதோ ஒரு சாயல்.

அப்போதுதான் நம் இன்ஜினியர் புத்தி வேலை செய்தது. லேப் மெஷின் வானத்துக்குச் சரியாக வரும்படி பிரிண்ட் போட்டிருக்கிறது. வானம் நன்றாக வந்தால் முகம் கறுத்துப் போகும். நெகட்டிவில் இருப்பதெல்லாம் பிரிண்டில் வந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. அப்படியென்றால் உள்ளே இன்னும் ஏதாவது இருக்கலாம் அல்லவா?

அதற்காகத்தான் நான் திரும்பக் கேமரா வாங்கினேன். ஹாபிக்காக இல்லை. பழைய நிக்கான் ஒன்று, செகண்ட் ஹேண்ட். கிட்டத்தில் எடுப்பதற்கு எக்ஸ்டென்ஷன் டியூப். பின்னால் மொபைல் போனில் வெள்ளைத் திரை, முன்னால் ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு நெகட்டிவைச் செருகி வைத்தேன். ஒரே பிரேமைப் பல எக்ஸ்போஷரில் எடுத்துக் கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை மட்டும் தூக்கிப் பார்த்தேன். மூன்று படத்தில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி. நான்காவதில் அவன் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறான். மணல் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு கன்னம், காது, பாதி வாய். சிரிக்கிறான் என்று நினைக்கிறேன். இல்லை, என்னைத் திட்டிக்கொண்டிருந்தானோ என்னவோ.

2021 ஜனவரியில் அதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் சுனாமி குடியிருப்பில் இருக்கிறார்கள். போவதற்குப் பயமாகத்தான் இருந்தது, ஆறின புண்ணைக் கிளறுகிறோமே என்று. ரொம்ப நேரம் பார்த்தார்கள். "காது எங்க அப்பாருது" என்றார்கள். அப்புறம் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "என்னையும் ஒண்ணு எடுத்துடு தம்பி. நல்லா இருக்கறப்பவே. அப்புறம் வோட்டர் கார்டுல இருக்கற மூஞ்சிய மாட்டிடுவாங்க" என்று சொல்லி வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் நான் இரண்டாவது இன்னிங்சில் எடுத்த முதல் ஆள்.

அன்றைக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பேர் வந்து வரிசையில் நின்றார்கள். அடுத்த ஞாயிறு நெரவியில் எங்கள் தெரு. இப்போது வேலை சென்னையில் என்றாலும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு இதற்கென்று வந்துவிடுகிறேன். எடுத்ததை அடுத்த மாசம் மேக்ஸி சைசில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்கிறேன். போனில் அனுப்புவது கிடையாது. என் போனிலேயே பத்தாயிரம் படம் இருக்கிறது, அதில் என் அப்பாவின் படம் எங்கே என்று கேட்டால் அரை மணி நேரம் தேட வேண்டும்.

ஊரடங்கில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். என்னைப் போலவே இடையில் விட்டவர்கள் உண்டா என்று தேடினால், நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலேயே ஒருவர் கிடைத்தார். லின்னேயஸ் டிரைப் என்று மதராஸ் ராணுவத்தில் ஒரு அதிகாரி. 1850-களின் தொடக்கத்தில் லீவில் இங்கிலாந்து போனபோது பொழுதுபோக்காகப் போட்டோ பழகியவர். 1856-ல் மதராஸ் அரசாங்கம் அவரையே போட்டோகிராபராக நியமித்தது. 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று எடுத்துத் தள்ளினார். பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். அந்தக் காலத்தில், மெழுகு தடவின காகித நெகட்டிவில்! 1859-ல் கவர்னர் டிரெவெலியன் இது வீண் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். மனிதர் அதோடு கிட்டத்தட்ட விட்டேவிட்டார். பத்து வருஷம் கழித்து பர்மாவில் இருந்தபோதுதான் திரும்பக் கொஞ்சம் எடுத்தார்.

அவருடைய தஞ்சாவூர்ப் படங்களைப் பாருங்கள், கோயில் காலியாக இருக்கும். எக்ஸ்போஷர் அத்தனை நீளம், நடமாடுகிற ஆள் பதிய மாட்டான். டிரைப்புக்கு வேறு வழி கிடையாது. எனக்கு இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880-லிருந்து 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பண்ணினார்கள். ராஜா ராணி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, ஸ்டூலில் கைக்குழந்தை, இவ்வளவுதான். அந்தத் தாத்தாக்கள் மாதிரியே நெரவியில் பெரியவர்கள் இன்னும் கேமராவைப் பார்த்ததும் அட்டென்ஷனில் நின்றுவிடுகிறார்கள். சிரிக்கச் சொன்னால் கோபம் வருகிறது. அதனால் நான் சொல்வதில்லை. "ஐயா, அந்தக் காலத்துல பேரளம் ரயில் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பேன். பதில் சொல்ல ஆரம்பித்ததும் முகம் வந்துவிடும்.

டெக்னிக்கலாக ஒரே ஒரு பாரா, செயலாளர் மன்னிக்க வேண்டும். உச்சி வெயிலில் ஆளை நிறுத்தாதீர்கள், கண் குழி கறுத்துவிடும். திண்ணை நிழல், வெயில் நேராக விழாத இடம், ஆள் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வேண்டும். ஐம்பது எம்.எம். லென்ஸ், ஆறேழு அடி தூரம், போகஸ் கண்ணில். மொபைல் போன் என்றாலும் இதேதான், ரொம்பக் கிட்டே போனால் மூக்குப் பெரிசாகிவிடும்.

சூரிய உதயம் எடுப்பதில்லையா என்று கேட்கிறார்கள். எடுக்கிறேன். பிடிக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் யாராவது ஆள் வந்தால் பிளாஷ் போட்டு இன்னொன்றும் எடுத்துவிடுகிறேன்.

இந்த மலருக்காக, 2021-ல் கொரோனாவில் நம்மை விட்டுப் போன நம் செட் நண்பனுடைய படத்தை ஆறு பேர் தேடினோம். கிடைத்ததெல்லாம் கூலிங் கிளாஸ் போட்டது, இருட்டில் எடுத்தது, தூரத்தில் நிற்பது. கடைசியில் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப்பிலிருந்து வெட்டிப் போட்டிருக்கிறோம். தோளில் தெரிவது வேறொருவர் கை.

ஆகையால் செயலாளரிடம் ஒரு அனுமதி வாங்கியிருக்கிறேன். சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு வொர்க் ஷாப் பின்புறம், வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆசிரியர்கள் முதலில் வர வேண்டும், அப்புறம் மற்றவர்கள், வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தினமும் கண்ணாடி போடுபவர்கள் கழற்ற வேண்டாம், கூலிங் கிளாசை மட்டும் பையில் வையுங்கள். முகவரியை எழுதிக் கொடுத்தால் பிரிண்ட் தபாலில் வரும். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.