ஆற்றில் விட்ட விஷம் நம் சோற்றுத் தட்டில்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிழைப்புத் தேடிக் கடல் கடந்து அந்தமானுக்கு வந்தவர்கள் நாம். கறி எடுக்கக் காசில்லாத நாளிலும் நம் வீடுகளில் மீன் குழம்பு கொதிக்கிறது. மீனில் பாதரசம் சேரும் கதையை நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

கொடைக்கானலில் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்ததை 1980-களில் நம் மலைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. ஆபத்தைத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள் தொழிலாளர்கள், நிர்வாகம் மறுத்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஆனால் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. கழிவுக்கு இரண்டு ஆண்டு. மனிதனுக்குப் பதினைந்து ஆண்டு!

ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை. அங்கே ஊறும் நீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. கொடைக்கானல் ஏரி மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மீனுக்குள் அது எப்படிப் போகிறது? நீரில் விழுந்த பாதரசம் சேற்றில் படிகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. பாசியிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஏற ஏற அதன் அளவு பெருகுகிறது. மீனின் சதையிலேயே ஒட்டிக்கொள்வதால் கழுவினாலும் போகாது; வறுத்தாலும் போகாது. மணமும் மாறாது, ருசியும் மாறாது.

ஜப்பானில் அகானோ ஆற்றங்கரை மக்கள் இதை உடம்பால் அறிந்தார்கள். மேலே ஷோவா டென்கோ ஆலை கழிவை விட்டது. கீழே ஆற்று மீனைத் தின்ற ஏழைகளுக்குக் கைகால் மரத்தது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. 1965-இல் நோய் வெளிப்பட்டது. ஒன்பதாண்டுகளுக்கு முன்பே மினமாட்டாவில் இதே நோய் தெரிந்திருந்தும் யாரும் பாடம் கற்கவில்லை. ஆற்றங்கரை மக்கள் 1967-இல் வழக்குத் தொடுத்தார்கள்; 1971-இல் வென்றார்கள்.

தாய்மார்களே, மீனை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தாராளமாகச் சமையுங்கள். பெரிய சுறா அப்படியல்ல. மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வளர்வதால் அதன் சதையில் பாதரசம் மிகுதி. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பெரிய சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றே பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது.

நாம் கேட்பது மூன்று. தீவுச் சந்தைகளில் விற்கும் கடல் மீனையும் ஆற்று மீனையும் சோதித்து, முடிவைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டுங்கள். உடைந்த டியூப்லைட்டிலும் தெர்மாமீட்டரிலும் பாதரசம் இருக்கிறது. அவற்றை ஓடையோரம் கொட்டாமல் தனியே வாங்குங்கள். குப்பை அள்ளும் தொழிலாளிக்கு, அவன் கையில் இருப்பது என்னவென்று சொல்லுங்கள்.

கொடைக்கானல் தொழிலாளி இதைத் தெரிந்துகொள்வதற்குள் காலம் கடந்துவிட்டது. நாம் முன்கூட்டியே கேட்போம், சேர்ந்து கேட்போம்.