நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்தால்

(நம் ஒக்கலிபுரம் கிளையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழ வைக்கிறதே, அந்தக் கொரக்களியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். புஸ்தகத் தமிழில் குரக்குவலி. நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி., அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஃபைல். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் வழக்கம் அதில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கண்ணோடு படித்ததைச் சொல்கிறேன்.

வலி சில நிமிஷங்களில் அடங்கிவிடும். எனக்குக் கவலை வேறு. இருட்டில் துள்ளி எழுந்து, வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒற்றைக் காலில் நொண்டுகிறோம். பிள்ளை அமெரிக்காவில், பெண் சிட்னியில், ஆத்தில் நாம் இரண்டே பேர். எழுபது வயசுக்கு மேல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது ஏன் வருகிறது? கெண்டை என்பது மீன். கன்னடக்காரர்களும் இந்தச் சதையை 'மீனகண்ட' என்றுதான் சொல்கிறார்கள். மல்லாந்து படுக்கும்போது பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. கனமான கம்பளியை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினால் இன்னும் சாயும். அப்போது இந்த மீன் ஏற்கெனவே சுருங்கித்தான் கிடக்கிறது. அந்த நிலையில் நரம்பிலிருந்து "சுருங்கு, சுருங்கு" என்று கட்டளை சரமாரியாக வந்தால், எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் சதை முடிச்சாக இறுகிவிடுகிறது. முழு விளக்கம் விஞ்ஞானத்துக்கே இன்னும் பிடிபடவில்லை என்றாலும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

ஆகவே வலி வந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. எழுந்து ஓடாதீர்கள். படுக்கையிலேயே முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மடக்குங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். சதை நீளும்போது குதிகால் நாணில் இருக்கும் உணர்வு நரம்புகள் முதுகுத்தண்டுக்கு "போதும்" என்று தகவல் அனுப்புகின்றன. பிடி தளர்கிறது. அந்தத் துண்டு தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தளர்ந்த பிறகு நீவி விடலாம், வெந்நீர்ப் பை வைக்கலாம். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு மட்டும் வெந்நீர்ப் பை வேண்டாம். சுட்டாலும் தெரியாது.

வராமல் தடுப்பது எப்படி? 1979-ல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி முன்னால் சாயும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை செய்த 44 பேருக்கும் குணமானதாக எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத கணக்கு அது. என் ஆபீஸாக இருந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பேன். 2005-ல் இங்கிலாந்தில் 191 பேரிடம் முறையாகச் சோதித்தபோது கெண்டைக்காலை மட்டும் நீட்டும் பயிற்சியால் பலன் தெரியவில்லை. பின்பு 2012-ல் நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரில் பாதிப் பேர், கெண்டைக்கால், பின்தொடை இரண்டையும் தூங்கப் போகுமுன் ஆறு வாரம் நீட்டினார்கள். அவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. 2021-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, இப்படி இரண்டையும் நீட்டினால் வலியின் கடுமை குறையலாம், எண்ணிக்கை குறையுமா என்பது நிச்சயமில்லை என்று ஜாக்கிரதையாக எழுதியது. செலவில்லாத மூன்று நிமிஷ வேலைக்கு இந்த அளவு ஆதாரம் எனக்குப் போதும்.

முறை இதுதான். சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தூக்காமல் முன்னால் சாயுங்கள். பிறகு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, பாதத்தை நோக்கிக் குனியுங்கள். ஒவ்வொன்றும் 10 விநாடி, மூன்று தடவை, இரண்டு காலுக்கும். ஆறு வாரமாவது விடாமல் செய்து பாருங்கள்.

1988-ல் வேறொரு யூகமும் வெளிவந்தது: குத்துக்காலிட்டு உட்காரும் வழக்கம் போனதால்தான் இந்தச் சதைகள் குறுகிவிட்டன என்று. தரையில் இலை போட்டுச் சாப்பிட்ட நாம் டைனிங் டேபிளுக்கும் வெஸ்டர்ன் கக்கூஸுக்கும் வந்துவிட்டோம். யோசிக்க வைக்கிறதுதான். நிரூபிக்கப்பட்டதல்ல. இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் யாரும் 108 தோப்புக்கரணத்தில் இறங்கி முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை. மைசூர், கூடலூர் வழியாக ஊட்டி போனால் நடுவட்டம் வருமே, அங்கே 1860-களில் சர்க்கார் சின்கோனா மரம் வளர்த்தது மலேரியாவுக்கான கொய்னா தயாரிக்க. அதே கொய்னா கால் பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆனால் ரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும் என்பதால், பிடிப்புக்காக அதைச் சீட்டில்லாமல் விற்பதை அமெரிக்கா 1994-ல் நிறுத்தியது. பிள்ளைகள் வாங்கி அனுப்பும் மக்னீஷியம்? 2017-ல் இஸ்ரேலில் 94 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவுதான் குறைந்தது. அமெரிக்க விளையாட்டு வீரர்கள் ஊறுகாய்த் தண்ணீர் குடிப்பார்கள். அது வினிகரில் போட்ட வெள்ளரிக்காய். நம் மாவடுத் தண்ணீரை யாரும் சோதித்ததில்லை. ரத்தக் கொதிப்புக்காரர்கள் அந்த ஜாடிப் பக்கமே போக வேண்டாம்.

சில நீர் மாத்திரைகளும், இழுப்புக்கான சில இன்ஹேலர்களும் கால் பிடிப்போடு சம்பந்தப்பட்டவை என்று 2012-ல் கனடாவில் கண்டார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரைக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். நடந்தால் வலித்து, நின்றால் விடுகிறது என்றால் அது ரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம். அதற்கு இந்தச் சுவர்ப் பயிற்சி வைத்தியம் ஆகாது.

கூட்டம் முடிந்ததும் ஒரு மாமி, முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்டார். சுவரில் சாய்வதற்கும் கட்டிலில் குனிவதற்கும் முன் பிஸியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி பிடித்துக்கொண்டால் துண்டு போட்டு இழுப்பதைப் படுத்தபடியே, முட்டியை அழுத்தாமல், மெதுவாகச் செய்யலாம் என்றேன்.